மூன்று படிகளும் நீக்கப்பட்டன

என் மனைவி இறந்து ஏழு வாரம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. சமவாய்ப்பு ஆணையத்திலிருந்து. மாமனார்தான் பிரித்தார். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதையும் சத்தமாகத்தான் வாசிப்பார்.

"மாப்ளே, இவளைக் கூப்பிட்டிருக்காங்க."

"எங்க?"

"கமிஷனுக்கு. நேர்ல வரணுமாம்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். "'தாங்கள் கோரியபடி மூன்று படிகளும் நீக்கப்பட்டன. தங்கள் குறை தீர்ந்ததை உறுதிசெய்ய அடுத்த மாதம் முதல் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வரவும். வரத் தவறினால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.'"

கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எடுத்துட்டாங்களா மாப்ளே, அந்தப் படிய?"

"எடுத்திருப்பாங்க."

"கொஞ்சம் முன்னாடி எடுத்திருக்கலாம்."

அவள் அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநர். அச்சுக்குப் போகும் முன் எல்லாவற்றிலும் பிழை பார்ப்பவள். அங்கே அவளுக்கு 'ஒற்று' என்று பெயர். விட்டுப்போன க், ச், த், ப் எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வருவாள். கல்லூரியில் நான் எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். பதினான்கு பிழை. கீழே, 'கருத்து ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள்.

பிறந்ததிலிருந்தே கால் நடக்காது. சக்கர நாற்காலி. அச்சக வாசலில் அதற்குச் சிக்கல் இல்லை. காகித உருளைகள் தள்ளுவண்டியில் வருவதால் அங்கே சாய்தளம் உண்டு. காகிதத்துக்குப் படி ஏறத் தெரியாது என்பதை அச்சகம் ஒத்துக்கொண்டிருந்தது. பெண்கள் கழிவறைக்கு முன்னால்தான் மூன்று படிகள். காகிதம் அங்கே போவதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் பாகுபாடு தடுப்புச் சட்டம் அச்சுக்கு வந்தது. மெய்ப்புப் பார்த்தது அவள்தான். 'மாற்றுத்திறன் காரணமாக எவரிடமும் பாகுபாடு காட்டலாகாது' என்ற வரி 'காட்டலாகும்' என்று வந்திருந்தது. திருத்தினாள். அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"நான் மட்டும் பார்க்கலைன்னா, இத்தனை நாளா நடந்துட்டிருக்கறதெல்லாம் சட்டப்படி சரியாப் போயிருக்கும்."

சட்டம் அவளுக்கு மனப்பாடம். எண்பத்து மூன்று பிரிவுகள். ஒரு பிழையும் இல்லாத ஒரே அரசாங்கப் புத்தகம் அதுதான் என்பாள். பிழையில்லாத புத்தகத்தை அவள் நம்பினாள்.

மேலாளரிடம் முதலில் வாயால் கேட்டாள். "நாலு பேரை வெச்சுத் தூக்கிவிடச் சொல்றேன்மா" என்றார் அவர். "நான் என்ன சார், பீரோவா?" என்றாள். பிறகு எழுதிக் கேட்டாள். பிறகு நினைவூட்டி எழுதினாள். மூன்று வருடம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். பாட்டில் தினமும் நிறைந்து போகும், நிறைந்து வரும். ஏன் சுமக்கிறாய் என்று கேட்டேன். "வெயிட்டுக்கு. நாற்காலி காத்துல பறந்துடக் கூடாதில்ல."

நான் கட்டட வரைபடம் போடுபவன். மூன்று படி, பதினெட்டு அங்குல உயரம். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி ஓட வேண்டும் என்பது கணக்கு. ஆக, பதினெட்டு அடிச் சாய்தளம். அங்கே அவ்வளவு நீளம் கிடையாது, அதனால் நடுவில் ஒரு திருப்பம். இரண்டு கொத்தனார், நான்கு நாள் வேலை. வரைந்து கொடுத்தேன். ஆணையத்துக்கு மனு எழுதி அதோடு இணைத்தாள். 'பொருள்: மூன்று படிகளை நீக்கக் கோருதல்.'

ஆணையத்தின் படிவத்தில், மனுவை மூன்று படிகளில் அளிக்கவும் என்று இருந்தது. நகல் என்பதற்கு அவர்கள் போட்டிருந்த நல்ல தமிழ்.

"மூணு படிக்கு மூணு படி," என்று சிரித்தாள். "நாலாவதா ஒண்ணு நமக்கு. எப்பவும் ஒண்ணு கையில இருக்கணும்."

மனு போய் ஐந்தாவது மாதம் மூன்றாவது முறையாகக் காய்ச்சல் வந்தது. இந்த முறை கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார்கள். "இவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களா?" என்று டாக்டர் என்னைத் திட்டினார். ஒன்பது நாள். ஏழாவது நாள் சொன்னாள்:

"அந்த மனு என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"முதல்ல நீ எழுந்து வா. சேர்ந்து போய்க் கேக்கலாம்."

"நான் என்னைக்குங்க எழுந்திருக்கேன்?"

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் வாக்கியமாக இல்லை.

அவள் இறந்து இரண்டு வாரம் கழித்து மேலாளர் கூப்பிட்டு அவள் பொருள்களைக் கொடுத்தார். பூதக்கண்ணாடி, சிவப்புப் பேனா ஆறு, ஒரு தலையணை, தண்ணீர் நிறைந்த பாட்டில். அகராதி மட்டும் அச்சகத்துச் சொத்து என்று வைத்துக்கொண்டார்கள். நான்கு காகிதங்களில் கையெழுத்து வாங்கினார். "எல்லாம் ஃபார்மாலிட்டி தம்பி." போட்டுக் கொடுத்தேன். எதையும் படித்துவிட்டுப் போடு என்று ஆறு வருடம் சொல்லிச் சலித்தவளின் கணவன், படிக்காமல் போட்டான்.

ஆணையத்தின் கடிதம் வந்த அதே வாரம் பேப்பரில் அச்சகத்தின் விளம்பரமும் வந்தது. மெய்ப்புத் திருத்துநர், ஓர் இடம், மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மாமனார் அதையும் சத்தமாக வாசித்தார்.

"இவ இடந்தானே மாப்ளே?"

"ஆமா."

"இன்னொருத்தி வரப்போறா." பேப்பரை நான்காக மடித்தார். "படி நிஜமாவே போயிடுச்சான்னு ஒரு எட்டு பார்த்துடணும்."

அதற்காகத்தான் போனோம்.

ஆணையம் மூன்றாவது மாடியில். கட்டடத்துக்கு முன்னால் அருமையான சாய்தளம். இரண்டு பக்கமும் பளபளக்கும் கைப்பிடி. என் கண்ணுக்குச் சரிவு சரியாகத்தான் இருந்தது. குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மாமனாருக்கு முழங்கால் வலி. ரிப்பனைத் தூக்கிவிட்டு நுழையப் போனார்.

"ஐயா, ஐயா! அதுல ஏறாதீங்க!" காவலாளி ஓடி வந்தார். "இன்னும் திறப்பு விழா நடக்கல."

"எப்பப்பா நடக்கும்?"

"அமைச்சர் தேதி கொடுக்கணும். ஒன்றரை வருஷமாச்சு. ரிப்பனையே நாலு தடவை மாத்திட்டோம். வெயில்ல வெளுத்துடுது."

"அதுவரைக்கும் நாற்காலியில வர்றவங்க?"

"எல்லாரையும் போலப் படியிலதான். இங்க பாகுபாடு கிடையாதுங்க."

"லிஃப்ட்?" என்றேன்.

"இருக்கு சார். அனுமதிச் சீட்டு வாங்கணும்."

"எங்க வாங்கணும்?"

"மூணாவது மாடியில."

ஏறினோம். மனுதாரர்கள் படி நெடுக உட்கார்ந்திருந்தார்கள். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. முதல் மாடித் திருப்பத்தில் மாமனார் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வா மாப்ளே." நான் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கீழிருந்து அவர் குரல் கேட்டது. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க." பழைய பழக்கம். இரண்டு மூன்று பேர் எழுந்து உள்ளே போனார்கள்.

பிரிவு எழுத்தர் மென்மையான மனிதர். தலைக்கு மேல் 'இங்கே அனைவரும் ஒன்றே' என்று பலகை.

"மனுதாரர்?"

"என் மனைவி."

"வரலையா?"

"இறந்துட்டாங்க."

எழுத்தர் பேனாவை வைத்தார். வருத்தம் உண்மையானதாகவே இருந்தது. "அடடா. அப்ப இன்னைக்கு வரமாட்டாங்க?"

"வரமாட்டாங்க."

"'வரவில்லை'ன்னு போட்டுக்கறேன். இது முதல் தடவைதான். மூணு தடவை வரலைன்னாதான் நடவடிக்கை. இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு, மனசைத் தளர விடாதீங்க."

"சார், இறந்தவங்க எப்படி நேர்ல வர முடியும்?"

"புரியுது சார். ஆனா நாங்க யாரையும் தனியா நடத்தக்கூடாது. சட்டமே அதுக்குத்தான். உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு விதி, போனவங்களுக்கு ஒரு விதின்னு ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?" யோசித்தார். உதவ வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ஒண்ணு பண்ணலாம். வர இயலாமைக்குன்னு விலக்கு இருக்கு. இயலாமைப் பட்டியல்ல இருபத்தோரு வகை. இது அதுல இல்ல. 'இதர'ன்னு போடலாம். நிரந்தரமா, தற்காலிகமா?"

"நிரந்தரம்."

"எத்தனை சதவீதம்?"

நான் அவரைப் பார்த்தேன்.

"நூறுன்னு போட்டுக்கறேன். மருத்துவக் குழு சான்று வேணும். அவங்க நேர்ல பார்த்துத்தான் கொடுப்பாங்க." பேனா நின்றது. "மறுபடி அங்கேயே வந்து நிக்குது பாருங்க."

"அதெல்லாம் வேண்டாம் சார். படிகளை எடுத்துட்டதாக் கடிதம் வந்தது. யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் முகம் மலர்ந்தது. "நான்தான் எடுத்தேன். என் கையாலதான்."

கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. அட்டையும் நாடாவும் மட்டும் இருந்தன. அட்டையின் உட்புறம் அவள் மனுவின் பொருள் எழுதியிருந்தது: 'மூன்று படிகளை நீக்கக் கோருதல்.' அதன் கீழே பச்சை மையில்: 'கோரியபடி மூன்றும் நீக்கப்பட்டன.' கையெழுத்து, முத்திரை.

"மூணு படி வெச்சிருந்தாங்க. மூணையும் நீக்கணும்னு அவங்களே கேட்டிருந்தாங்க. இந்த மாதிரி மனு அபூர்வம் சார். எல்லாரும் ஏதாவது செஞ்சு கொடுங்கன்னுதான் கேப்பாங்க. இவங்க ஒருத்தங்கதான், கொடுத்ததை எடுத்துடுங்கன்னு கேட்டாங்க. ஒரே நாள்ல முடிச்சேன். இந்த வருஷம் நாங்க முழுசாத் தீர்த்துவெச்ச ஒரே குறை இதுதான்."

"சார், அது நகல் இல்ல. கல்லுப் படி. கழிவறைக்கு முன்னாடி."

அவர் அட்டையைக் கிட்டத்தில் கொண்டுபோய் வாசித்தார். தூரத்தில் வைத்து வாசித்தார்.

"அப்படின்னா 'படிக்கட்டு'ன்னு எழுதியிருக்கணும்," என்றார். குற்றம் சாட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

வாழ்க்கை முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்தியவள்மேல் கடைசியில் ஒரு பிழை ஏறிவிட்டது.

குறை தீர்ந்ததை உறுதிசெய்யப் பதினொன்றரைக்கு விசாரணை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் ஆணையத் தலைவர் அம்மையார். ஒரு பக்கம் அச்சக மேலாளர், கையில் தடிமனான பதிவேடு. அவருக்குப் பின்னால் அச்சகத்துப் பைண்டிங் அக்கா.

அக்காவைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மூன்று வருடம் என் மனைவியோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தார். எட்டாவது நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வேணா வந்து சொல்றேன் தம்பி, என் கண்ணால பார்த்தவ நான்," என்று அழுதவர்.

தலைவர் அம்மையார் முதலில் பேசினார்.

"வலி எனக்குத் தெரியும். நானும் பாதிக்கப்பட்டவதான். ரெண்டு கண்ணுலயும் மைனஸ் ஒண்ணேகால். போன மாசம் உணர்வுப் பயிற்சின்னு ஆணையத்துல எல்லாரும் ஒரு நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில உட்கார்ந்தோம். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பதினொண்ணுக்கு முடியல, எழுந்துட்டேன். அப்பதான் அவங்க படற கஷ்டம் புரிஞ்சுது. இத்தனை கஷ்டப்படறாங்களே, எழுந்துக்கலாமேன்னு தோணுச்சு. கண்ணு கலங்கிடுச்சு." கைக்குட்டை எடுத்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

மேலாளர் எழுந்தார்.

"அம்மா, எங்க அச்சகத்துல பாகுபாடுங்கற பேச்சுக்கே இடமில்ல. எல்லாருக்கும் அதே மூணு படிதான். ஒருத்தருக்கு ரெண்டு, இன்னொருத்தருக்கு நாலுன்னு நாங்க வெக்கல. நானே அந்தப் பக்கம் போனா மூணுதான் ஏறணும்."

"அது பெண்கள் கழிவறை," என்றேன்.

"போனான்னுதான் சொன்னேன்." பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "இது கழிவறைச் சாவிப் பதிவேடு. சாவி எடுக்கறவங்க பேர் எழுதிட்டுத்தான் எடுக்கணும். மூணு வருஷம், பக்கம் பக்கமாத் தேடினோம். இந்தம்மா பேர் ஒரு இடத்துலகூட இல்ல. ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத இடத்துக்கு வழி கேக்கறாங்க. அரசாங்கம் இதை எப்படி அனுமதிக்கும்?"

தலைவர் அம்மையார் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "உண்மைதான். பேரே இல்ல."

"சாட்சியும் இருக்கும்மா. வாங்கக்கா."

பைண்டிங் அக்கா வந்து நின்றார். விரல் நுனிகளில் காய்ந்த பசை. அதை உரித்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா என்னைக்காவது உங்ககிட்ட கழிவறைக்குப் போகணும்னு சொன்னாங்களா?" மேலாளர் கேட்டார்.

"இல்ல சார்."

"தண்ணியாவது குடிப்பாங்களா?"

"குடிக்கவே மாட்டா சார்."

"எழுதிக்கோங்க," என்றார் தலைவர் அம்மையார். "'மனுதாரர் இயல்பிலேயே தாகம் இல்லாதவர்.'"

"அக்கா," என்றேன். "ஏன் குடிக்க மாட்டான்னு சொல்லுங்கக்கா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேலாளரின் செருப்பைப் பார்த்தார். பெருவிரலில் இருந்து ஒரு பெரிய பசைத் தோல் உரிந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"அது அவ பழக்கம் தம்பி."

போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் பையிலிருந்து அவள் வைத்துவிட்டுப் போன நான்காவது நகலை எடுத்துக் கொடுத்தேன். வரைபடத்தோடு. தலைவர் அம்மையார் அதை எழுத்தரிடம் காட்டினார். எழுத்தர் காதில் ஏதோ சொன்னார்.

"விதிப்படி மூன்று படிதான் தம்பி. நாலாவது படிக்கு விதியில இடமில்ல. மூணும் நீக்கியாச்சு. இல்லாத மனுவோட நகல் எப்படி இருக்க முடியும்?" வரைபடத்தை மட்டும் கையில் வைத்துப் பார்த்தார். "இது அழகா இருக்கே. யார் போட்டது?"

"நான்தான்."

"நம்ம சாய்தளத் திறப்பு விழா அழைப்பிதழ்ல அட்டைப் படமாப் போடலாம்." தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஒரே ஒரு வரி சொல்லுங்க," என்றேன். "அந்தப் படி அங்க இருந்தது தப்புன்னு. அவ கேட்டது சரின்னு. அவ இடத்துக்கு அடுத்த மாசம் இன்னொரு பொண்ணு வருது."

"ஆமாம்மா, சொல்ல மறந்துட்டேன்!" மேலாளர் துள்ளி எழுந்தார். "எடுத்தாச்சு. இந்தப் பொண்ணும் சக்கர நாற்காலிதான். எங்ககிட்ட பாகுபாடு இருந்தா மறுபடி அதே மாதிரி ஒருத்தரை எடுப்போமா?"

மண்டபம் கைதட்டியது. நான் கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தேன். அதற்குள் மேலாளர் இன்னொரு காகிதத்தை நீட்டிவிட்டார்.

"கடைசியா இது. இவரே எழுதிக் கொடுத்தது."

தலைவர் அம்மையார் வாசித்தார். "'என் மனைவிக்குக் கழிவறை தொடர்பாக இனி எந்தக் குறையும் இல்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். நான்காவது காகிதம். 'கழிவறை'க்கு 'ற' போடாமல் 'ர' போட்டிருந்தது. அவள் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பாள். நான் படித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன்.

"என்னுதுதான்."

"பார்த்தீங்களா, நம்ம எல்லாரையும்விட நீங்கதான் நியாயமா நடந்திருக்கீங்க."

உத்தரவை அங்கேயே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். மனுதாரர் மூன்று படிகளை நீக்கக் கோரினார். மூன்றும் நீக்கப்பட்டன. கணவர் எழுத்துமூலம் உறுதிசெய்தார். மனு திருப்தியுடன் முடிக்கப்படுகிறது.

"இந்த வழக்கு ஆணையத்தின் கண்ணைத் திறந்துடுச்சு," என்று முடித்தார் தலைவர் அம்மையார். "மனுதாரர் இல்லாமப் போனா எவ்வளவு நிர்வாகச் சிரமம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே படிவத்துல ஒரு புதுக் கட்டம் வரும். 'மனுதாரர் உயிருடன் உள்ளாரா? ஆம் அல்லது இல்லை.' 'இல்லை'ன்னா வாங்கவே மாட்டோம். இந்தச் சகோதரி நமக்கு விட்டுட்டுப் போன சீர்திருத்தம் இது."

எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். மைனஸ் ஒன்றேகால் கண்கள் மூடியிருந்தன.

இறங்கும்போது மாமனார் அதே இடத்தில் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்காரர் ஒருவரோடு பழைய பஸ் ரூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே ஆச்சு?"

"அவ ஜெயிச்சுட்டா மாமா."

"படி?"

"அப்படியேதான் இருக்கு."

அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து ரிப்பன் கட்டிய சாய்தளத்துக்கு முன்னால் நின்றார்.

"படியில நிக்காதே நிக்காதேன்னு கத்தியே தொண்டை போச்சு எனக்கு," என்றார். "கடைசில என் பொண்ணையே படிக்குக் கீழ நிறுத்திட்டானுங்க."

காவலாளி எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது. பெண் குரல். தணிந்த குரல்.

"அண்ணா, நான் அச்சகத்துல இருந்து பேசறேன். புதுசா சேர்ந்திருக்கேன். மெய்ப்புப் பார்க்கறேன். மேஜையில ஒரு அகராதி இருக்குண்ணா. உள் அட்டையில, தொலைந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்னு உங்க நம்பர் இருக்கு."

"அது அச்சகத்துச் சொத்து. தொலையலையே?"

"இல்லண்ணா. ஒரு சந்தேகம். அகராதியை வெச்சிருந்த அக்காவுக்குத்தான் தெரியும். அவங்க இப்ப இல்லைன்னு சொன்னாங்க. அதான்."

"சொல்லுங்க."

"சமவாய்ப்பு ஆணையத்தோட ஆண்டறிக்கை மெய்ப்புக்கு வந்திருக்கு. பன்னிரண்டாம் பக்கம். 'ஆணையத்தின் சாதனைகள்.' முதல் வரியே இதான்: 'அச்சகப் பெண் பணியாளர் ஒருவரின் கோரிக்கையை ஏற்று மூன்று படிகளும் நீக்கப்பட்டன.'" குரலை இன்னும் தணித்தாள். "அண்ணா, நான் உட்கார்ந்திருக்கற இடத்துல இருந்து பார்த்தாலே அந்த மூணு படியும் தெரியுதுண்ணா."

"தெரியும்."

"பிழைன்னு வரியை அடிச்சு அனுப்பினேன். மேலாளர் திருப்பி அனுப்பிட்டார். ஓரத்துல 'இருக்கட்டும்'னு எழுதி."

அச்சகத்தில் அது வழக்கம். அடித்த வரியை மறுபடி வைக்கச் சொல்ல ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். என் மனைவி வீட்டிலும் சொல்வாள். நான் வாங்கிவந்த பச்சைச் சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியபோது, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றாள். இருக்கிறது.

"இப்ப மணி என்ன?" என்றேன்.

"மூணே கால்ண்ணா."

"காலைல இருந்து தண்ணி குடிச்சீங்களா?"

பின்னணியில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டில் மேஜையில்தான் இருக்கும். நிறைந்து இருக்கும்.

"ஒரு வாய் குடிங்க."

சிரித்தாள். "குடிச்சா எங்கண்ணா போறது?"

நான் கையிலிருந்த பென்சிலை வரைபடத்தின் மேல் வைத்தேன்.

"முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்னு சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"பைண்டிங் அக்கா. ரொம்ப நல்லவங்கண்ணா. மத்தியானம் என்கூடத்தான் சாப்பிடறாங்க."

"அப்படியே இருங்க. போனை வைக்காதீங்க."

மேஜையின் கீழ் அறையைத் திறந்தேன். ஆணையம் தன் புதிய படிவத்தைப் பழைய மனுதாரர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தது. யாரையும் விடவில்லை. என் மனைவி பெயருக்கும் ஒன்று வந்திருந்தது. பிரித்து வைத்தேன்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

சொன்னாள். எழுதினேன்.

"எதுக்குண்ணா?"

"பொருள்னு ஒரு இடம் இருக்கு. 'கழிவறைக்கு முன்னால் உள்ள கற்களை உடைக்கக் கோருதல்.' சரியா?"

"'முன்னால் உள்ள'ங்கறது இடிக்குதுண்ணா. 'முன்னுள்ள'ன்னு போடுங்க." பிறகு, "அண்ணா, வேலைக்குச் சேர்ந்து மூணு வாரந்தான் ஆகுது. இப்பவே மனு கொடுத்தா ஏதாவது நினைச்சுக்க மாட்டாங்களா? ஒரு வருஷம் போகட்டுமே."

"இந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கும்மா. அது ஒரு வருஷம் காத்திருக்குமான்னு தெரியல."

"என்ன கட்டம்?"

வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மிக மெதுவாக, "ஆம்" என்றாள்.

'ஆம்' என்று எழுதினேன். பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டேன்.